காவிரியில் விழுந்த போனும் கும்பகோணத்துத் தம்பியும்

ஆடிப்பெருக்கு அன்று கும்பகோணம் சக்கரப் படித்துறையில், அம்மா காதோலை கருகமணியை ஆற்றில் விடக் குனிந்தார். தாங்கிப் பிடிக்கப் போனபோது என் இடுப்பில் செருகியிருந்த போன் காவிரிக்குள் விழுந்துவிட்டது. அண்ணன் மகன் துழாவி எடுத்துக் கொடுத்தான். சாம்சங் எஸ்23. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் ஐபி68 ரகம்தான். ஆனால் போன வருடம் நான் வசிக்கும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பின்பக்கக் கண்ணாடியை மாற்றியிருந்தேன். ஒருமுறை திறந்த போனில் அந்தக் காப்பு அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

அம்மா அரிசி டின்னில் புதைத்து வைத்தார். மறுநாள் காலை நான் சார்ஜ் போட்டேன். அதுதான் பெரிய தப்பு. லோகோ வந்தது, அணைந்தது, மறுபடி லோகோ.

எனக்குப் பதற்றம் போனைப் பற்றியது அல்ல. ஜெர்மன் வங்கிக் கணக்கில் பணம் அனுப்ப ஒப்புதல் தரும் செயலி அந்தப் போனோடு கட்டப்பட்டது. அழிந்தால் புதிதாகப் பதிவு செய்ய வங்கியிலிருந்து தபாலில் கடிதம் வரவேண்டும், அதுவும் ஸ்டுட்கார்ட் முகவரிக்கு. அதைவிட, அப்பா பழைய கதைகள் சொல்லும் வீடியோக்கள் பத்துக்கு மேல் அதில் இருந்தன. எதையும் வேறெங்கும் ஏற்றி வைக்கவில்லை.

முதலில் போன பெரிய கடையில் இரண்டு நிமிடம் பார்த்தார்கள். "சாஃப்ட்வேர் போயிடுச்சு மேடம். புதுசா போட்டா சரியாயிடும், உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும்." தண்ணீரில் விழுந்தது என்று சொல்லியும் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடை. அங்கிருந்த தம்பி கேட்ட முதல் கேள்வி, "அக்கா, சார்ஜ் போட்டீங்களா?" இரண்டாவது, "டேட்டா வேணுமா?" அப்போதே எனக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது.

பின்பக்கத்தைச் சூடாக்கித் திறந்து முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். சார்ஜிங் போர்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. ஆற்றுத் தண்ணீரில் உப்பும் வண்டலும் இருக்கும். அதன் மேல் மின்சாரம் ஓடினால் செம்பு அரிக்கத் தொடங்கிவிடும். அரிசி அதை எடுக்காது, அதன் தூள்தான் சார்ஜர் ஓட்டைக்குள் போகும் என்றார். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றிப் பிரஷ்ஷால் துடைத்து, ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டு, நன்றாகக் காயவைத்தார். சார்ஜிங் போர்டை மட்டும் மாற்றினார். ஈரமும் அரிப்பும் இருக்கும்போது சாஃப்ட்வேர் ஏற்றினால் பாதியில் அணைந்து நிலைமை இன்னும் மோசமாகுமாம். மெமரி சிப்பைத் தனியாகக் கழற்றி வீடியோவை எடுக்கவும் முடியாது. எல்லாமே ரகசியக் குறியீடாகப் பூட்டி வைக்கப்பட்டிருப்பதால் அதே மெயின் போர்டு உயிரோடு இருந்து, என் பின் நம்பரும் போட்டால்தான் திறக்கும்.

சுத்தம் செய்த பிறகும் லோகோவிலேயே நின்றது. ரெக்கவரி என்ற பழுதுபார்க்கும் திரைக்குள் போய், போன் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கோப்புகளை (cache) மட்டும் அழித்துப் பார்த்தார், பயனில்லை. சரி, இனி சாஃப்ட்வேர்தான். இந்தியாவில் விற்பதும் ஐரோப்பாவில் விற்பதும் ஒரே மாடல் எண்தான் என்றாலும், என் போனுக்கு ஐரோப்பிய சாஃப்ட்வேரையே தேடி இறக்கினார். இருந்த பதிப்பைவிடப் பழையதும் கூடாதாம். பல ஜிபி கோப்பு. இரண்டு முறை டீ வந்தது. அதில் சிஎஸ்சி, ஹோம் சிஎஸ்சி என்று இரண்டு கோப்புகள் உண்டு, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவதைப் போட்டால் எல்லாம் துடைக்கப்படும், இரண்டாவது நம் படம், வீடியோ, செயலிகளைத் தொடாமல் சிஸ்டத்தை மட்டும் மாற்றும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததை என்னிடம் காட்டிவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினார். வெளிநாட்டுப் போனோடு ஊருக்கு வருகிறவர்கள் கடைக்காரரிடம் இந்த ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்.

நீண்ட நேரம் கழித்துத் திரை பின் நம்பர் கேட்டது. எனக்குக் கை நடுங்கியது. வங்கிச் செயலியும் இருந்தது, அப்பாவும் இருந்தார்.

1,900 ரூபாய் வாங்கினார். "இன்னைக்கே எல்லாத்தையும் வேற இடத்துல ஏத்திடுங்க, அக்கா. அரிப்பு திரும்ப வரலாம். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கொண்டுவாங்க." அன்றிரவே அண்ணனின் லேப்டாப்பில் வீடியோக்களை ஏற்றினோம். எட்டாவது நாள் மறுபடி போனேன். திறந்து, மைக்ரோஸ்கோப்பில் மூலை மூலையாகப் பார்த்துவிட்டு மூடினார். அதற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.