நாகர்கோவிலில் விழித்திரை பரிசோதனை: டாக்டருக்கு முழு மார்க், ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் பாதி

"மக்ளே, கண்ணு முன்னால கொசு பறக்குது, விரட்டினா போக மாட்டேங்குது" என்று அம்மா சொன்னதும் நாகர்கோவிலில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பேர் வேண்டாம்.

முதலில் டாக்டர். சொட்டு மருந்து விட்டு கண்மணியை விரியவைத்து, தலையில் மாட்டிய லைட்டோடு விழித்திரையின் ஓரம் வரைக்கும் பொறுமையாகப் பார்த்தார். கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லி வயதாக ஆக சுருங்கி விழித்திரையை விட்டுப் பிரியுமாம், அதிலுள்ள இழைகளின் நிழல்தான் புள்ளியாகத் தெரிகிறது, 50 தாண்டியவர்களுக்கு சகஜம், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கும் கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்கும் முன்னாடியே வரலாம் என்றார். விழித்திரையில் கிழிசல் இல்லை என்றதும் எங்களுக்கு உயிர் வந்தது. புள்ளியைக் கரைக்க சொட்டு மருந்தும் எழுதவில்லை, மாத்திரையும் எழுதவில்லை, போகப்போகப் பழகிவிடும் என்றார். இந்த நேர்மைக்கே மறுபடி போகலாம்.

எப்போது உடனே வரணும் என்பதையும் கேட்காமலே சொன்னார்: திடீரென்று நிறையப் புள்ளிகள் கொட்டினால், கண் ஓரத்தில் மின்னல் அடித்தால், ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி மறைத்தால் அன்றைக்கே வரணும். கிழிசலோடு நின்றால் பெரும்பாலும் லேசரில் முடிந்துவிடும், விழித்திரையே கழன்றால் ஆபரேஷன்தான், தாமதித்தால் பார்வை முழுசாகத் திரும்பாமலும் போகலாம். வலியே இருக்காது என்பதுதான் இதில் வில்லங்கம், நம்மாட்கள் வலிக்காததற்கு ஆஸ்பத்திரிக்குப் போவார்களா? சுகர் உள்ளவர்களுக்கு உள்ளே ரத்தம் கசிந்தும் புள்ளி தெரியலாம், வயசுதான் காரணம் என்று விட்டுவிட வேண்டாம். கண்ணாடிக் கடை கம்ப்யூட்டர் டெஸ்ட் பவரைத்தான் சொல்லும், விழித்திரைக் கோளாறைச் சொல்லாது.

இனி குறை. டோக்கன் நேரத்துக்கும் கூப்பிட்ட நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் மங்கும், வெயில் கூசும், அதைப் போனில் முன்பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டாமா? குளச்சலிலிருந்து தனியாக ஸ்கூட்டரில் வந்த ஒரு பெரியவர் திரும்பிப் போக வழியில்லாமல் மகனுக்காகக் காத்திருந்தார். இதெல்லாம் போக, கண் மங்கிய நிலையில் இருந்த அம்மாவை ஃப்ரேம் பார்க்கக் கண்ணாடி கவுண்டருக்கு அழைத்தார்கள் பாருங்கள், எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

போகிறவர்கள் துணைக்கு ஒருத்தரையும் ஒரு கூலிங் கிளாஸையும் கொண்டு போங்கள். விழித்திரை டாக்டர் அன்றைக்கு இருக்கிறாரா என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். செலவு யோசிப்பவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் கண் பிரிவு உண்டு.