ஏழு மில்லிமீற்றர்: ஊசியா, பொறுத்திருந்து மறு ஸ்கானா?

அப்பா நாற்பது வருடம் சுருட்டுப் பிடித்தவர். போன வருடம் விடாத இருமலுக்காக எடுத்த சி.ரி. ஸ்கானில், வலது நுரையீரலில் 7 மில்லிமீற்றரில் ஒரு சிறு முடிச்சு தெரிந்தது. கொழும்புக்குக் கொண்டுபோய் உடனே ஊசியால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அண்ணா நின்றார். யாழ்ப்பாணத்திலேயே ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கான் எடுக்கலாம் என்றார் வைத்தியர். நாங்கள் பொறுத்தோம். இன்றும் எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

எக்ஸ்ரே இதற்கு உதவாது. இவ்வளவு சிறியது அதில் பெரும்பாலும் தெரியாது. சந்தேகமான இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் பெற் (PET) ஸ்கானையும் 8 மில்லிமீற்றருக்குக் கீழே நம்ப முடியாது. காசநோய் முடிச்சும் அதில் புற்றுநோய் போல ஒளிரக்கூடும்.

ஊசியின் பலம், சந்தேகத்துக்கு மாதக்கணக்கில் காத்திராமல் முடிவு கிடைப்பது. ஆனால் மூச்சோடு அசையும் 7 மில்லிமீற்றரை ஊசி தவறவிட்டால், ‘புற்றுநோய் இல்லை’ என்ற அறிக்கைக்குப் பொருளில்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசியும் ஆபத்தும் உண்டு; புகைத்துப் பழுதான நுரையீரலில் அது இன்னும் கூடுதல். 8 மில்லிமீற்றரைத் தாண்டியிருந்தால் நானும் அண்ணாவின் பக்கம் நின்றிருப்பேன்.

நெஞ்சுப் படங்களை ஆராயும் வைத்தியர்களின் சர்வதேச அமைப்பான பிளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டி, புகைத்தவர்களிடம் காணப்படும் 6 முதல் 8 மில்லிமீற்றர் வரையான ஒற்றைத் திண்ம (படத்தில் முழுதும் அடர்த்தியாகத் தெரியும்) முடிச்சுக்கு 6–12 மாதத்தில் ஒரு ஸ்கான், 18–24 மாதத்தில் இன்னொன்று என்கிறது. குறைந்த கதிர்வீச்சு ஸ்கானே போதும்.

ஆனால் இந்த வழி முழுவதும் ஒரு பொருளில் தங்கியிருக்கிறது: முதல் ஸ்கானின் படங்கள் பதிந்த இறுவட்டு (சீடி). எங்களிடம் அது இருக்கவில்லை. எடுத்த இடத்தில் அறிக்கையும் படத்தாளும் மட்டுமே தந்தார்கள், நாங்களும் கேட்கவில்லை. ஆறாம் மாதம் வேறிடத்தில் எடுத்த அறிக்கையில் ‘8 மில்லிமீற்றர்’ என்றிருந்தது. வளர்ந்துவிட்டது என்று அம்மா அழுதார். மூன்று தடவை அலைந்துதான் பழைய இறுவட்டைப் பெற்றேன். கதிரியக்க வைத்தியர் இரண்டையும் ஒரே திரையில் அருகருகே வைத்துத் தானே அளந்தார். மாற்றமில்லை. ஒரு மில்லிமீற்றர் அளப்பவரின் கையிலேயே கூடிக் குறையுமாம். 2 மில்லிமீற்றர் கூடினால்தான் வளர்ச்சி என்று எடுப்பார்களாம். விட்டம் கால்வாசி கூடினாலே கன அளவு இரட்டிப்பாகிவிடும் என்பதால், 7 ஏறத்தாழ 9 ஆனால் அலட்சியப்படுத்தவே கூடாது. எழுதிய எண்ணை எண்ணோடு ஒப்பிட்டிருந்தால், நாங்கள் வீணாக ஊசிக்குப் போயிருப்போம்.

இவை திண்ம முடிச்சில் நாங்கள் பட்டவை மட்டுமே. மங்கலான கண்ணாடி போலத் தெரியும் வகையை ஐந்து வருடம் வரை கண்காணிப்பார்கள். முன்பே புற்றுநோய் வந்தவர்களுக்கும் நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இந்தக் கால அட்டவணை பொருந்தாது.

அப்பா சுருட்டை விட்டுவிட்டார். அடுத்த ஸ்கான் வருகிற வைகாசியில். இரண்டு இறுவட்டுகளும் காணி உறுதிகளோடு அலுமாரியில் இருக்கின்றன.