ஒற்றைப் பெரிய எண்ணை அலச பாரி/ஜிபி எப்படி?

எண்களின் பண்புகளைக் கணிக்கும் எந்தக் கருவியையும் 4294967297 கொடுத்துத்தான் முதலில் சோதிக்க வேண்டும். 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் எண் இது. பகா எண் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 641 இதை மீதியின்றி வகுக்கிறது என்று 1732-இல் இன்னொரு கணிதவியலாளர் ஆய்லர் காட்டினார். 32 பிட்டுக்குள் கணக்குப் போடும் நிரலில் இந்த எண் வெறும் 1 ஆகிவிடும். 2-ஐ மட்டும் அடிமானமாக வைத்து (அதை அடுக்கேற்றி, எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்த்து) சோதிக்கும் நிரலோ இதைப் பகா எண் என்றே சொல்லும்.

பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருளான பாரி/ஜிபி இந்த இரண்டு குழியிலும் விழுவதில்லை. எண்ணைப் பகாக் காரணிகளாக உடைக்கும் 'ஃபேக்டர்' கட்டளை 641, 6700417 என இரு வரிசை தருகிறது. பக்கத்தில் இருக்கும் 1 அடுக்கைக் குறிக்கும். 'நம்டிவ்' சொல்லும் வகுத்திகளின் எண்ணிக்கை 4. 'சிக்மா' தரும் வகுத்திகளின் கூடுதல் 4301668356, அதாவது 642 × 6700418. 'ஆய்லர்ஃபை' தருவது இந்த எண்ணோடு 1 தவிரப் பொது வகுத்தி இல்லாத, இதைவிடச் சிறிய எண்களின் எண்ணிக்கை: 4288266240, அதாவது 640 × 6700416. கையாலேயே சரிபார்த்துவிடலாம்.

2 ஏன் ஏமாற்றுகிறது? இந்த எண்ணால் வகுக்கும்போது 2-இன் 32-ஆம் அடுக்கு −1 ஆகிறது; அதை வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் எப்போதும் 1. எண் பகாததா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெப்பின் சோதனைதான் உண்மையைச் சொல்லும்: 3-இன் அடுக்காக 2-இன் 31-ஆம் அடுக்கையே வைத்து, இந்த எண்ணால் வகுத்தால் மீதி −1 வருகிறதா என்று அது பார்க்கும். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: அடுக்கை முழுதாக ஏற்றிவிட்டுப் பிறகு மீதி கேட்பார்கள். நூறு கோடி இலக்கங்களைத் தாண்டும் எண்ணை உருவாக்கப் பார்த்து நினைவகம் நிரம்பி நின்றுவிடும். 3-ஐ முதலில் மீதியை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் 'மாட்' கட்டளைக்குள் போட்டு, பிறகு அடுக்கு ஏற்றினால் விடை கண்சிமிட்டும் நேரத்தில் வரும்.

பகா எண்ணா என்று சொல்லும் 'இஸ்பிரைம்', 'இஸ்சூடோபிரைம்' இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம். முன்னது நிரூபணம், பின்னது வலுவான சோதனை மட்டுமே. 2-இன் 64-ஆம் அடுக்குக்குக் கீழே அந்தச் சோதனை தவறுவதில்லை. அதற்கு மேல் தவறிய எண் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை, ஆனால் கிடைக்காது என்று நிரூபணமும் இல்லை. 'ஃபேக்டர்' காட்டும் பெரிய காரணிகளும் இயல்பாக இந்தச் சோதனையை மட்டுமே தாண்டியவை. உறுதி வேண்டுவோர் 'ஃபேக்டர்_ப்ரூவன்' அமைப்பை 1 ஆக்கிக்கொள்ள வேண்டும். இதை இயல்பிலேயே இயக்கி வைத்திருக்கலாம் என்பதே எங்கள் பெரிய மனக்குறை.

இன்னொரு சிக்கல், காரணிகளை எதுவரை தேட வேண்டும் என்று 'ஃபேக்டர்' கட்டளைக்கு எல்லை கொடுக்கும் வசதியில் இருக்கிறது. 2-இன் 128-ஆம் அடுக்கோடு 1 கூட்டி, 1 லட்சம் வரை மட்டும் தேடச் சொன்னால் அந்த 39 இலக்க எண் அப்படியே ஒற்றை வரிசையாகத் திரும்பி வரும். பார்ப்பவர் அதைப் பகா எண் என்று எடுத்துக்கொள்வார். எல்லையை நீக்கினால் 59649589127497217, 5704689200685129054721 என உடைகிறது. எல்லை வைத்த தேடலில் கடைசி வரிசையைத் தனியாக 'இஸ்பிரைம்' போட்டுப் பாருங்கள்.

எண்ணின் முடிவில் தவறிப் புள்ளி வைத்துவிடாதீர்கள். மெய்யெண்ணாகிவிடும், 'இஸ்பிரைம்' ஏற்காது. கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள இரு பெரிய பகா எண்களின் பெருக்கலைக் கொடுத்தால் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் திரை எதுவும் சொல்லாது.