"உள்ளே வரும் டிராஃபிக்கை 50-50 பிரித்துத் தருகிறோம்" என்று யாராவது வந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கேபிள் டிவியில் ஆரம்பித்து பிராட்பேண்டுக்கு வந்த சின்ன ஐஎஸ்பி (வீடுகளுக்கு இணையம் தருபவர்) நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருடம் எனக்கு ஏறத்தாழ ஒன்பது லட்சம் ரூபாய் போனது. பணத்தைவிட, ஒன்றரை மாதம் தினமும் ராத்திரி எட்டு மணியானால் போனை எடுக்கவே பயந்துகொண்டு உட்கார்ந்திருந்ததுதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதே ஆட்கள் இப்போது பக்கத்து மாவட்டத்தில் இரண்டு ஆபரேட்டர்களிடம், டிராஃபிக்கைப் பிரிக்கும் என்று எனக்கு விற்ற அதே பெட்டியைக் காட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இன்னொருத்தர் மாட்டக்கூடாது. பெயர் போடவில்லை, விஷயம் வக்கீலிடம் இருக்கிறது. ஆனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

தென்காசி பக்கம் எங்கள் நெட்வொர்க். நானும் மச்சானும் சேர்ந்து நடத்துகிறோம், சுமார் 3,200 இணைப்புகள். இணையத்தில் எங்கள் நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் சொந்த ஏஎஸ் நம்பர் இருக்கிறது. இந்தியாவில் இணைய முகவரிகள் தரும் ஐரினில் வாங்கிய ஒரு /23 பிளாக், அதாவது 512 ஐபிவி4 முகவரிகள். நாங்கள் தாமதமாகச் சேர்ந்தவர்கள், 2019-க்குப் பிறகு புதிதாகச் சேர்பவர்களுக்கு அதிகபட்சம் அவ்வளவுதான். முதலில் ஒரே அப்ஸ்ட்ரீம் (எங்களுக்கு மொத்தமாக இணையம் தரும் பெரிய கம்பெனி), 6 ஜி, அதாவது வினாடிக்கு 6 ஜிகாபிட். சந்தாதாரர்கள் கூடக்கூட ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை கிராஃப் மேலே போய் 6 ஜியில் முட்டி, மேசைப் பலகை மாதிரி தட்டையாக நிற்க ஆரம்பித்தது. உண்மையான தேவை 9 ஜி இருக்கும். சரி, இரண்டாவதாக இன்னொரு அப்ஸ்ட்ரீமிடம் 4 ஜி எடுத்தோம். மொத்தம் 10 ஜி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம்.

தீரவில்லை. இரண்டிலும் பிஜிபி (எந்த முகவரிக்கு எந்த வழி என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை) ஏறியது, எங்களிடம் இந்த வழியாக வரலாம் என்று /23-ஐ இரண்டு பக்கமும் அறிவித்தோம். அன்று ராத்திரி பழைய லிங்க் அதே 6 ஜியில் முட்டி நிற்கிறது, புது லிங்க்கில் 1.2 ஜி ஓடுகிறது. மீதி 2.8 ஜிக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிறோம். இங்கே வீட்டுக்குள் பஃபரிங்.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு சொல்யூஷன் கம்பெனிக்காரர் வந்தார். புது அப்ஸ்ட்ரீமின் சேல்ஸ் ஆளே அவரை அனுப்பி வைத்தார், அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். "சார், எங்க பாக்ஸ் வச்சா உள்ள வர்ற இன்பவுண்டும் வெளிய போற அவுட்பவுண்டும் நீங்க சொல்ற பர்சன்டேஜ்ல பிரியும். பாதிப் பாதியா, 60-40-ஆ, ஸ்க்ரீன்ல செட் பண்ணிக்கலாம்." விலை 6,80,000 ரூபாய், வருடாந்திரப் பராமரிப்பு தனி. வேறு ஒரு ஊரில் போட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு கிராஃப் அனுப்பினார். இரண்டு கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு போகின்றன. பார்க்க அவ்வளவு அழகு.

அந்தப் படத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் போனில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில் அளவு எழுதியிருக்கும் பகுதி பாதி வெட்டப்பட்டிருந்தது, ஆனால் ஒரு எழுத்து மிச்சம் இருந்தது: அது மெகாவுக்கான எழுத்து. உச்சத்தில் ஒவ்வொரு கோடும் 300 மெகாவைத் தாண்டவில்லை. வீட்டு இணைப்புகள் ஓடும் நெட்வொர்க்கில் கீழே (உள்ளே) வருவது ஜிகாக்கணக்கில் இருக்கும், மேலே (வெளியே) போவது அதில் சின்னப் பங்குதான். அவர் காட்டியது மேலே போகும் டிராஃபிக். அதை யார் வேண்டுமானாலும் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம், ஏனென்றால் எந்த லிங்க்கில் அனுப்புவது என்று நம் ரூட்டர்தான் முடிவு செய்கிறது. யாராவது கிராஃப் அனுப்பினால் முதலில் அளவைப் பாருங்கள், அப்புறம் அது எந்தப் பக்கம் போகும் டிராஃபிக் என்று கேளுங்கள்.

உள்ளே வருவது அப்படியல்ல. மதுரையிலிருந்து தென்காசிக்கு ராஜபாளையம் வழியாகவும் வரலாம், திருநெல்வேலி சுற்றியும் வரலாம். எந்த ரோட்டில் வருவது என்று வண்டி கிளம்பும் இடத்தில்தான் முடிவாகிறது. தென்காசியில் உட்கார்ந்திருக்கும் நாம், "இந்த வழி தூரம்" என்று ஒரு போர்டு எழுதி வைக்கலாம், அவ்வளவுதான். அந்த போர்டுதான் ப்ரீபெண்ட், அதாவது நம் ஏஎஸ் நம்பரையே இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்ப எழுதிப் பாதை நீளமாக இருப்பது போலக் காட்டுவது. ஆனால் பெரும்பாலான நெட்வொர்க்குகள் பாதையின் நீளத்தைப் பார்ப்பதற்கு முன் லோக்கல் ப்ரிஃபரன்ஸைப் பார்க்கும். தனக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் வழி முதலில், காசில்லாமல் ஒருவரோடு ஒருவர் இணைத்துக்கொண்ட பீரிங் வழி அடுத்தது, தான் காசு கொடுத்து வாங்கும் வழி கடைசியில். டிப்போவில் ரூட் எழுதிக் கொடுத்துவிட்டால் டிரைவர் நம் போர்டைப் படிக்கவே மாட்டார். எங்கள் பழைய அப்ஸ்ட்ரீமுக்கு நாங்கள் வாடிக்கையாளர். அவர்களிடம் வந்து சேரும் எதையும் நேராக எங்களிடம் தள்ளுவார்கள், பத்து தடவை ப்ரீபெண்ட் போட்டாலும் சரி.

இதற்கு மேல் கேஷ் சர்வர் (அதிகம் பார்க்கப்படுபவற்றின் நகலைப் பக்கத்திலேயே வைத்திருப்பது) இருக்கிறது. யூடியூப், ஃபேஸ்புக், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பெரிய அப்ஸ்ட்ரீம்களின் டேட்டா சென்டரிலேயே தங்கள் சர்வரை வைத்திருக்கின்றன. எங்கள் டிராஃபிக்கில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. பழைய அப்ஸ்ட்ரீமில் கேஷ் நன்றாக இருந்தது, புதியவரிடம் பெயருக்கு ஒன்று. ஆர்டர் கொடுப்பதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது.

பெட்டி வந்தது. 50 சதவீதம் அட்வான்ஸ், மாட்டியதும் 40 சதவீதம். இரண்டு நாள் மதியம் டெமோ காட்டினார்கள். மதியம் லோடே இருக்காது, எந்த லிங்க்கும் முட்டாது, எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ராத்திரி பழைய கதைதான். அந்தப் பெட்டி செய்தது ஒரே வேலை: ஒரு லிங்க்கில் லோடு ஏறினால் அந்தப் பக்கம் ப்ரீபெண்ட்டைக் கூட்டும், இறங்கினால் குறைக்கும். உள்ளே இருந்தது யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ரூட்டிங் மென்பொருள், மேலே அவர்கள் செய்த ஒரு திரை. நாங்கள் புகார் செய்யச் செய்ய மூன்றை ஐந்தாக்கினார்கள், ஐந்தை எட்டாக்கினார்கள். 1.2 ஜி 1.5 ஆனது.

அடுத்து அவர்களே ஒரு யோசனை சொன்னார்கள். "பழைய லிங்க்ல தற்காலிகமா பர்ஸ்ட் ஓபன் பண்ணிக்கோங்க சார், 95 பர்சன்டைல் பில்லிங், உச்சத்துல இருக்கற 5 பர்சன்ட் கணக்குலயே வராது." அதாவது வாங்கிய 6 ஜியைத் தாண்டியும் ஓடவிட்டு, மாதத்தின் அளவுகளில் உச்சத்திலுள்ள 5 சதவீதத்தைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் பெரிய அளவுக்குப் பில் போடுவது. கேட்க நன்றாக இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கணக்கை அன்றைக்கே ஒரு தாளில் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டு லட்சம் மிச்சமாகியிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு, ஒரு நாளைக்கு 288, முப்பது நாளைக்கு 8,640. அதில் 5 சதவீதம் 432 அளவுகள், அதாவது 36 மணி நேரம். நாள் ஒன்றுக்கு ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்தான் இலவசம். எங்கள் நெரிசல் நேரமோ தினமும் மூன்று மணி நேரம். ஆக, உச்சத்தை ஒட்டிய அளவுக்கே பில் வந்தது.

இதெல்லாம் பணம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்களைக் கேட்காமலே அவர்களின் இன்ஜினியர் ரிமோட்டில் நுழைந்து, /23-ஐ எடுத்துவிட்டு இரண்டு /24-ஆகப் (தலா 256 முகவரி) பிரித்து, ஒன்றை ஒரு பக்கமும் இன்னொன்றை மறுபக்கமும் அறிவித்துவிட்டார். பிரிப்பது தப்பில்லை, அதுதான் சரியான வழி என்று பின்னால் நானே கற்றுக்கொண்டேன். ஆனால் எங்கள் பிளாக்குக்கு ஆர்ஓஏ பதிவு இருக்கிறது, அதாவது அதை எந்த ஏஎஸ், எவ்வளவு சின்னதாகப் பிரித்து அறிவிக்கலாம் என்ற பதிவு. அதில் அதிகபட்ச நீளம் 23 என்று இருந்தது. அப்படியிருக்க /24 அறிவித்தால், இந்தப் பதிவுகளை ஆர்பிகேஐ என்ற முறையில் சரிபார்க்கும் நெட்வொர்க்குகள் எல்லாம் அதைச் செல்லாத அறிவிப்பு என்று தூக்கிப் போட்டுவிடும். /23-உம் இல்லை. அந்த நெட்வொர்க்குகளைப் பொறுத்தவரை நாங்கள் உலகத்திலேயே இல்லை.

வெளியே பார்த்தால் ஒன்றும் புரியாது. யூடியூப் ஓடுகிறது, ஏனென்றால் கேஷ் அப்ஸ்ட்ரீமுக்குள்ளேயே இருக்கிறது. பேங்க் ஆப் திறக்கவில்லை. ஒரு சைட் வருகிறது, பக்கத்து சைட் வரவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா, மகளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ நடந்துகொண்டிருக்கும்போது கட்டாகிவிட்டது என்று நேரே ஆபீஸுக்கே வந்துவிட்டார். "தம்பி, உங்கள நம்பித்தானப்பா மத்த கனெக்ஷன கட் பண்ணேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. என் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து அனுப்பினேன், அதற்குள் நேரம் தாண்டிவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்தால் "டிஎன்எஸ் பிரச்சினை சார், தானா சரியாயிரும்" என்றார்கள். கடைசியில் ஈரோட்டுப் பக்கம் நெட்வொர்க் நடத்தும் ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். அவர் பிஜிபி அறிவிப்புகளைப் பார்க்க உதவும் ரைப்ஸ்டாட் தளத்தில் எங்கள் பிளாக்கைப் போட்டுப் பார்த்து, பத்தே நிமிடத்தில் "அண்ணாச்சி, உங்க ரெண்டு /24-உம் இன்வேலிட்னு வருது, முதல்ல /23-ஐத் திரும்ப விடுங்க" என்றார். விட்டோம், கொஞ்ச நேரத்தில் எல்லாம் வந்தது. மொத்தம் இரண்டு மணி நாற்பது நிமிடம்.

அதன் பிறகு அந்தத் தம்பிதான் வழி காட்டினார், ஒரு பைசா வாங்கவில்லை. முதலில் ஆர்ஓஏவில் இரண்டு /24-க்கும் பதிவைச் சேர்த்து, அது செல்லுபடி ஆகிறதா என்று பார்த்தோம். அப்புறம் /23 இரண்டு பக்கமும், முதல் /24 பழைய அப்ஸ்ட்ரீமில் மட்டும், இரண்டாவது /24 புது அப்ஸ்ட்ரீமில் மட்டும். சின்னப் பிளாக்தான் எப்போதும் ஜெயிக்கும், அதனால் இரண்டாவது /24-க்கு வருவதெல்லாம் புது லிங்க்கில் இறங்கும். ஒரு லிங்க் அறுந்தால் /23 தாங்கிக்கொள்ளும். இதைவிடச் சின்னதாகப் பிரிக்க முடியாது, /24-க்குக் கீழே யாரும் பொதுவாக ஏற்றுக்கொள்வதில்லை.

அதில்தான் எனக்குப் புரிந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. எங்கள் சந்தாதாரர்கள் எல்லோரும் சிஜிநாட்டுக்குப் (ஒரு பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு) பின்னால்தான் இருக்கிறார்கள். யார் எந்த /24-இன் முகவரியில் வெளியே போகிறார்கள் என்பது என் கையில் இருக்கிறது. 3,200 பேரில் 1,800 பேரை முதல் /24-இன் முகவரித் தொகுப்பிலும் (பூல்) மீதிப் பேரை இரண்டாவது பூலிலும் வைத்தால், பதில் டிராஃபிக் அதன்படியே பிரிந்து வருகிறது. வெளியில் இருப்பவர்களை வழி மாறி வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை, ஒரு ஓஎல்டியை (ஒரு பகுதி வீடுகளின் ஃபைபர் வந்து சேரும் கருவி) இந்தப் பூலிலிருந்து அந்தப் பூலுக்கு மாற்றினால் போதும். ராத்திரியில் மாற்றாதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் எல்லாம் ஒருதடவை அறுந்து ஒட்டும். நாங்கள் விடியற்காலை நான்கு மணிக்குச் செய்தோம். ஒரு வாரம் அங்கும் இங்குமாகத் தள்ளி, இப்போது நெரிசல் நேரத்தில் பழைய லிங்க்கில் 5.3, புதியதில் 3.6 ஓடுகிறது. பர்ஸ்ட்டை மூடியாயிற்று. இதற்குப் பெட்டி எதுவும் வாங்கவில்லை.

பிஜிபி கம்யூனிட்டி பற்றியும் ஒரு வார்த்தை. அப்ஸ்ட்ரீம் ஆதரவு கொடுத்தால், அறிவிப்போடு கம்யூனிட்டி என்ற ஒரு எண்ணை ஒட்டி அனுப்பி அவர்களுடைய லோக்கல் ப்ரிஃபரன்ஸையே நாம் குறைக்கச் சொல்லலாம். புது அப்ஸ்ட்ரீமின் சேல்ஸ் ஆள் "எல்லா கம்யூனிட்டியும் தர்றோம் சார்" என்று வாயால் சொன்னார். அவர்களுடைய என்ஓசிக்கு (நெட்வொர்க்கை இயக்கும் குழு) மெயில் போட்டால், அப்படி ஒன்று எங்களிடம் இல்லை என்று பதில். ஒப்பந்தத்தில் அந்தச் சொல்லே கிடையாது. பழைய அப்ஸ்ட்ரீமிடம் இருந்தது. ஆனால் மொத்த /23-க்கும் அதைப் போட்டுப் பார்த்தபோது ஏழு ஜிக்கு மேல் திரும்பி 4 ஜி லிங்க்கை அமுக்கிவிட்டது, உடனே எடுத்துவிட்டோம். போட்டால் ஒரு /24-க்கு மட்டும் போடுங்கள்.

பணம் திரும்ப வரவில்லை. லைசென்ஸ் ஆக்டிவேட் ஆகிவிட்டது, திருப்பித் தர முடியாது என்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். வியாபாரத்துக்காக வாங்கியது என்பதால் 2019 சட்டப்படி நாங்கள் நுகர்வோராக நிற்பது கடினம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். வணிக வழக்காகத்தான் போட வேண்டும், அவசர உத்தரவு எதுவும் கேட்காததால் அதற்கு முன் மத்தியஸ்தத்துக்குப் போயாக வேண்டும். நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். "நீங்க சொல்ற பர்சன்டேஜ்ல பிரியும்" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதிய ஒரு வரிதான் எங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம். விலைப் பட்டியலில் "டிராஃபிக் ஆப்டிமைசேஷன்" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது.

இப்போது யாரிடம் எதை வாங்கினாலும் ஆர்டரில் இந்த வாசகத்தை எழுதித்தான் கொடுக்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "தொடர்ந்து ஏழு நாள் இரவு 8 முதல் 11 வரை, எங்கள் ரூட்டரில் அளந்தபடி, அப்ஸ்ட்ரீமிலிருந்து உள்ளே வரும் டிராஃபிக் ஒப்புக்கொண்ட விகிதத்தில் பிரிந்த பிறகே 90 சதவீதத் தொகை தரப்படும். எங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் பிஜிபி அறிவிப்பில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது." போன மாதம் வேறொரு கம்பெனிக்காரர் இதே மாதிரி ஒரு பெட்டியோடு வந்தார். இதைப் படித்துப் பார்த்துவிட்டு, மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் கூப்பிடவில்லை.