எட்டாத ஹீட்டர் ஹோஸை வீட்டிலேயே மாற்றி, இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாற்றிய ஹோஸ் (ரப்பர் குழாய்) இன்றுவரை ஒழுகவில்லை. சென்னைக் கோடை இரண்டு பார்த்துவிட்டது, ஊட்டி ஏறி இறங்கியாகிவிட்டது, கூலண்ட் (இஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்) டப்பாவில் அளவு கோட்டை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் அன்றைக்குப் போட்ட எல்லாமே இப்படி நின்றுவிடவில்லை, அதனால்தான் கையோடு எழுதாமல் இவ்வளவு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வண்டி பத்து வருடம் தாண்டிய பெட்ரோல் ஹேட்ச்பேக். இஞ்சினுக்குப் பின்னால் ஃபயர்வாலில் (இஞ்சினையும் நாம் உட்காரும் இடத்தையும் பிரிக்கிற தகட்டுச் சுவர்) இருந்து இரண்டு அலுமினியக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும், ஹீட்டர் கோருக்கு (டாஷ்போர்டுக்குள் காற்றைச் சூடாக்குகிற சின்ன ரேடியேட்டர்) கூலண்ட் போய்வருவது அது வழியாகத்தான். அதில் கீழே இருக்கிற ஹோஸ்தான் வம்பு. இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (இஞ்சினுக்குக் காற்று போகிற குழாய்த் தொகுதி) ஃபயர்வாலுக்கும் நடுவில் ஒரு கை போகிற இடம்தான், கையை விட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, எட்டிப் பார்த்தால் கையை விட முடியாது.

கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், தரையில் மட்டும் ஒரு சொட்டு இருக்காது. கசிவது சூடான கியர்பாக்ஸ் மேல் பட்டு அங்கேயே ஆவியாகிவிடும். புளோயரை வெளிக்காற்றுக்கு மாற்றினால் லேசான இனிப்பு வாசனை வரும். சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்ததில் கிளாம்ப் (ஹோஸைக் குழாயோடு இறுக்கிப் பிடிக்கிற வளையம்) ஓரமாக வெள்ளைப் பொருக்கு. ஹோஸின் நடுப்பகுதி கெட்டியாகத்தான் இருந்தது, முனைக்குப் பக்கத்தில் அழுத்தினால் கொழகொழவென்று அமுங்கியது. இந்த ரப்பர் ஹோஸ்கள் பெரும்பாலும் உள்ளே இருந்துதான் கெடும், அதுவும் முனைகளை ஒட்டி, அதனால் வெளியே பளபளப்பாக இருக்கிறதே என்று நம்புவதில் அர்த்தமில்லை.

விசாரித்த இடத்தில் கிடைத்த யோசனை: "நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு சார், பைபாஸ் பண்ணிடலாம்." அதாவது ஹீட்டருக்குக் கூலண்டே போகாமல் சுற்றிவிடுவது. நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், வண்டியும் ஓடும். எனக்கு ஒப்பவில்லை. மலையில் மழை பெய்து கண்ணாடியின் உள்பக்கம் மங்கினால் சூடான காற்று வேண்டும். டிராஃபிக்கில் இஞ்சின் சூடு ஏறினால் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து புளோயரையும் வேகமாக வைத்தால் கொஞ்சம் சூட்டை வண்டிக்குள் இழுத்துச் சமாளிக்கலாம் (நாம் வெந்துபோவோம், அது வேறு). இன்னொன்று, என் வண்டியில் ஹீட்டருக்குப் போகிற கூலண்டை நிறுத்த வால்வே கிடையாது. நாம் ஹீட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் இஞ்சின் ஓடும் நேரமெல்லாம் சுடு கூலண்ட் அந்த ஹோஸில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். சென்னையில் யாரும் ஹீட்டரே போடுவதில்லை, ஹோஸ் மட்டும் எப்படிக் கெட்டது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வேலையில் ஹோஸ் ஒரு விஷயமே இல்லை, கிளாம்ப்தான் எல்லாம். கம்பெனியில் போட்டு வருவது ஸ்பிரிங் கிளாம்ப், இரண்டு காதையும் சேர்த்து அழுத்தினால்தான் விரியும், என் வண்டியில் அந்தக் காதுகள் இரண்டும் கியர்பாக்ஸைப் பார்த்துத் திரும்பியிருந்தன. கட்டிங் பிளையர், நோஸ் பிளையர் எதுவும் அங்கே உதவாது. கேபிள் வைத்த கிளாம்ப் பிளையர் என்று ஒன்று இருக்கிறது: கைப்பிடி நம்மிடம் இருக்கும், நீளமான கேபிளின் மறுமுனையில் இருக்கிற தாடை மட்டும் உள்ளே போய்க் கவ்வும், அழுத்தியதும் அப்படியே லாக் ஆகிவிடும். ஆன்லைனில் மலிவானதைத்தான் வாங்கினேன். அன்றைக்கு அது இல்லாவிட்டால் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டியிருந்திருக்கும். இப்போது அதன் நிலைமை சுமார்தான், தாடைக்குப் பக்கத்தில் கேபிள் நூல் நூலாகப் பிரிய ஆரம்பித்துவிட்டது, லாக்கும் சில நேரம் நழுவுகிறது. வருடத்துக்கு ஓரிரு முறை எடுப்பவர்களுக்குப் போதும்.

இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது நல்லது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பாக்ஸையும் அதன் குழாயையும் எடுத்துவிட்டு, திராட்டில் வாயை (இஞ்சினுக்குள் காற்று நுழைகிற இடம்) சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள், அந்த இடத்தில் ஒரு போல்ட் தவறி உள்ளே விழுந்தால் செலவு வேறு மாதிரி போகும். கூலண்டைக் கொஞ்சம் வடித்தால் போதும். வடித்ததைத் தெருவில் கொட்டாதீர்கள். கூலண்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும்.

கிளாம்ப் நகர்ந்த பிறகும் பழைய ஹோஸ் குழாயோடு ஒட்டிக்கொண்டு வராது. இங்கேதான் பொறுமை வேண்டும், முறுக்கி இழுத்தால் மெல்லிய அலுமினியக் குழாய் நசுங்கும் அல்லது விரிசல் விடும், அப்புறம் டாஷ்போர்டைக் கழற்றி ஹீட்டர் கோரையே மாற்ற வேண்டியதுதான். பழையது எப்படியும் குப்பைக்குப் போவதுதானே, கத்தியால் நீளவாக்கில் கீறி வாழைப்பழத் தோல் போல உரித்துவிடலாம், கத்தி முனை குழாயில் கோடு போடாமல் பார்த்துக்கொண்டால் சரி. குழாயில் இருக்கிற பொருக்கைப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் தேய்த்தாலே போய்விடும். புது ஹோஸ் நுழைய எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவக்கூடாது, இந்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறிப்போகும்; கொஞ்சம் கூலண்டையே தொட்டுத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். கிளாம்பின் காதுகளை இந்த முறை மேலே பார்க்கிற மாதிரி திருப்பிவிட்டேன், அடுத்து மாற்றப்போகிறவர் வாழ்த்துவார்.

ஹோஸ் வாங்கும்போது ஜி.பி. ரோட்டில் (சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கிற தெரு) மீட்டர் கணக்கில் வெட்டித் தருவதையும் காட்டினார்கள், விலை ஒரிஜினலில் பாதிகூட இல்லை. ஆனால் நேரான ஹோஸ் அந்த வளைவில் மடிந்துவிடும், உள்ளே ஓட்டம் தடைபடும். வளைவோடு வார்த்து வருகிற ஒரிஜினலே வாங்கினேன், இரண்டு வருடம் கழித்தும் முனையை அழுத்தினால் புதுசு மாதிரிதான் இருக்கிறது. பழைய ஸ்பிரிங் கிளாம்ப் துருப்பிடித்திருந்ததால் இஞ்சின் பக்கம் கடையில் கொடுத்த ஸ்க்ரூ கிளாம்பைப் போட்டிருந்தேன். அதுதான் தொல்லை கொடுத்தது. சில மாதத்திலேயே ஓரத்தில் ஈரம், இறுக்கினால் நிற்கும், மறுபடி ஈரம். ரப்பர் சூட்டில் விரிந்து ஆறியதும் சுருங்கும்போது ஸ்பிரிங் கூடவே போகும், ஸ்க்ரூ போகாது. ஸ்பிரிங் கிளாம்புக்கு மாறியதில் இருந்து அந்தப் பக்கமும் காய்ந்து கிடக்கிறது.

கூலண்ட் நிரப்பும்போது ஏர் லாக்தான் (உள்ளே காற்று சிக்கி ஓட்டத்தைத் தடுப்பது) கவனிக்க வேண்டியது. வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் மேடாக நிற்கட்டும், ஹீட்டர் முழுச் சூட்டில், இஞ்சின் ஐடிலில், குமிழி வருவது நிற்கும்வரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் மூடியைப் போட்டு ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கும்வரை விட்டுப் பாருங்கள், புளோயரில் சூடான காற்று வந்தால் ஹீட்டர் கோரில் காற்று இல்லை. இஞ்சின் ஆறியபின் அளவு இறங்கியிருக்கும், மறுபடி ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். தண்ணீர் கலந்தே வருகிற ரெடிமிக்ஸ் கூலண்ட் வாங்குங்கள், இல்லாவிட்டால் கலக்காத கூலண்டை டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். அந்தக் கலவை திறந்த பாத்திரத்திலேயே 105 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 120ஐத் தாண்டும். சூடான இஞ்சினில் அந்த மூடியைத் திறக்கக்கூடாது என்பதும் அதனால்தான்.

செலவு என்று பார்த்தால் ஹோஸும் கூலண்டும் சேர்ந்து ஆனதைவிட பிளையருக்குத்தான் அதிகம். நேரம் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது, முழங்கை வரைக்கும் சிராய்ப்பு வேறு. கையாவது உள்ளே போகிற வண்டி என்றால் தாராளமாகச் செய்யலாம். மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் ஹோஸே கண்ணில் படும் என்கிற வண்டியாக இருந்தால் நான் தொட மாட்டேன், கேஸ்கெட், டார்க் ரெஞ்ச் என்று அது வேறு வேலை. அந்த லேபர் காசைக் கொடுத்துவிடலாம். "பைபாஸ் வேண்டாம், ஹோஸ் ஒரிஜினல், கிளாம்ப் ஸ்பிரிங்" என்று மட்டும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள்.