பிள்ளை வேண்டும் என்று போனேன், 48,500 ரூபாயும் போச்சு, விந்தணுவும் போச்சு

நேற்று சாயங்காலம் மதுரையில் ரிப்போர்ட் வாங்கினேன். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். ஆறு மாசத்துக்கு முன் இதே சோதனையில் மில்லிக்கு 90 லட்சம் இருந்தது. குறைச்சல்தான், ஆனால் இருந்தது.

கல்யாணமாகி மூன்று வருஷம். காரைக்குடியில் ஆண்களுக்கென்றே நடத்தும் ஒரு சிகிச்சை மையத்துக்குப் போனோம். ரத்தச் சோதனைச் சீட்டைப் பார்த்த அங்கிருந்த டாக்டர், "ஆண் ஹார்மோன் கம்மிண்ணே. அதை ஏத்திட்டா அணு தானா ஏறிடும்" என்றார். என் மனைவியிடம், "பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கங்க தங்கச்சி, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அந்த 'தங்கச்சி'யில்தான் விழுந்தோம். அவள் வளையலை அடகு வைத்துக் கட்டியது 48,500 ரூபாய். இரண்டு வாரத்துக்கு ஓர் ஊசி. உடம்பு முறுக்காக இருந்ததால் மருந்து வேலை செய்கிறது என்றே நம்பினேன்.

கடைசி ஊசியின் குப்பியைப் பையில் போட்டு மதுரைக்கு வந்திருந்தேன். மஞ்சளாக, எண்ணெய் மாதிரி இரண்டு சொட்டு ஒட்டியிருந்தது. லேபிளைப் பார்த்ததும் மதுரை டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டெஸ்டோஸ்டிரோன், அதாவது அந்த ஆண் ஹார்மோனேதான்.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் அனுப்புகிறதாம். எல்.எச். சொன்னால்தான் விரை தனக்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். ரத்தத்தில் இருப்பதைவிட விரைக்குள் அது பல மடங்கு இருந்தால்தான் அணு உருவாகும். அணுவை வளர்க்கும் செல்களைத் தூண்டுவது எஃப்.எஸ்.எச். டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து ஊசியில் ஏற்றினால், 'போதும்' என்று மூளை இரண்டையும் நிறுத்திவிடும். ரத்தத்தில் வெள்ளம், விரைக்குள் வறட்சி. இந்த மருந்தை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்களாம்! அதைத்தான் எனக்கு ஏற்றியிருக்கிறார்கள். பழையபடி வர ஆறு மாசமும் ஆகலாம், வருஷத்துக்கு மேலும் ஆகலாம். ஓர் அணு உருவாகவே இரண்டரை மாசம் பிடிக்கும்.

இன்று காலை காரைக்குடி மையத்துக்குப் போன் போட்டேன். "உங்க உடம்பு ஏத்துக்கலை சார்." அண்ணன் சாராகிவிட்டேன். நேரில் போனால் "டாக்டர் சென்னை போயிருக்கார்". பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'பேக்கேஜ் 48,500' என்பதைத் தவிர மருந்தின் பெயரே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

விவரமாக எழுத இப்போது மனசு ஓடவில்லை. ஊசி போடும் முன் குப்பியைப் போட்டோ எடுங்கள். எல்.எச்., எஃப்.எஸ்.எச். பார்க்காமல் ஊசியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் வேண்டாம், ஜெல்லும் வேண்டாம். ஜிம்மில் தரும் ஸ்டீராய்டு ஊசியும் பெரும்பாலும் இதே வகைச் சரக்குதான்.