பிறவி மூக்கடைப்புக்கான சிகிச்சைப் பிரிவு: ஒரு தாயின் மதிப்பீடு

பிறந்த சில நிமிடங்களிலேயே எங்கள் மகளுக்கு உடல் நீலம் பாரித்தது. வீறிட்டு அழுதபோது நிறம் திரும்பியது. அழுகை ஓய்ந்து வாய் மூடியதும் மீண்டும் நீலமானாள். பச்சிளங்குழந்தைகள் முதல் சில மாதங்கள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள் என்பதும், மூக்கின் பின்துளைகள் இரண்டுமே அடைபட்டிருந்தால் அழும்போது மட்டுமே அவர்களுக்குப் போதிய காற்று கிடைக்கிறது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தன. நாசிக்குள் செலுத்திய மெல்லிய குழாய் இரு பக்கமும் மூன்று சென்டிமீட்டர் அளவிலேயே தடைபட்டு நின்றதைக் கண்ட மருத்துவர், வாய்வழியே சிறு காற்றுக்குழாய் பொருத்தி, குழந்தைகளுக்கான காது மூக்கு தொண்டைப் பிரிவு ஒன்றுக்கு எங்களை அனுப்பினார். என் மதிப்பீடு அந்தப் பிரிவைப் பற்றியது.

அங்கே அவசரப்படாமல் இருந்ததே எனக்கு முதலில் நம்பிக்கை அளித்தது. சளியை உறிஞ்சி எடுத்த பிறகே சிடி ஸ்கேன் எடுத்தார்கள். மூக்கின் நடுச்சுவரின் பின்பகுதி தடித்து, பக்கவாட்டு எலும்பும் உள்வாங்கியிருந்ததைத் திரையில் விரல் வைத்துக் காட்டினார்கள். ஏறத்தாழ 5,000 முதல் 8,000 பிறப்புகளுக்கு ஒன்றில் காணப்படும் 'கோவானல் அட்ரீசியா' இது என்றும், பல உறுப்புகளைப் பிறவியிலேயே பாதிக்கும் 'சார்ஜ்' எனும் நோய்த்தொகுப்பின் ஓர் அங்கமாகவும் இது வரக்கூடும் என்றும் விளக்கி, இதயம், கண், செவித்திறன் ஆகியவற்றையும் பரிசோதித்தார்கள். எங்கள் மகளுக்கு அவற்றில் குறை எதுவும் இல்லை.

ஆறாம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது. முகத்தில் வெட்டு எதுவுமின்றி, எண்டோஸ்கோப் எனும் மெல்லிய உள்நோக்குக் கருவி வழியே அடைப்பை நீக்கி, நடுச்சுவரின் பின்பகுதியிலும் சிறிது அகற்றி, இரு நாசியிலும், திறந்த வழி மூடாமல் தாங்கும் ஸ்டென்ட் குழாய்களை வைத்தார்கள். ஸ்டென்ட் வைப்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும், திறந்த வழி மீண்டும் சுருங்கலாம் என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள். ஏழாம் வாரத்தில் அப்படியே சுருங்கியபோது, பலூன் கொண்டு அதை விரிவாக்கினார்கள். முன்பே அறிந்திருந்ததால் நாங்கள் நிலைகுலையவில்லை.

குறை இருந்தது வீட்டுக்கு அனுப்பிய விதத்தில்தான். உப்புநீர்ச் சொட்டு விட்டுச் சளியை உறிஞ்சும் முறையை ஒரு செவிலியர் எனக்குப் பொறுமையாகக் கற்பித்தார். ஸ்டென்டின் நீளத்தைத் தாண்டிச் செல்லாதபடி, உறிஞ்சுகுழாயில் கறுப்பு மையால் கோடு போட்டும் கொடுத்தார். ஆனால் வீடு திரும்பிய மாலையில் பணியில் இருந்தவர், கோடு போடாத புதுக் குழாய்களைப் பொட்டலமாகக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். எத்தனை முறை உறிஞ்ச வேண்டும் என்பது கொடுத்த தாளில் இருந்தது. எவ்வளவு ஆழம் வரை என்பது இல்லை. மூன்றாம் இரவு ஸ்டென்டில் சளி உறைந்து குழந்தை திணறியபோது, அவர்கள் தந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. பழைய, கோடு போட்ட குழாயை நான் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் அன்று அந்த அளவை வைத்துச் சளியை எடுக்க முடிந்தது.

அறுவைத் திறமைக்காகவும் ஒளிவுமறைவற்ற பேச்சுக்காகவும் இந்தப் பிரிவை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். அங்கே செல்லும் பெற்றோர், புறப்படும் முன் ஒவ்வொரு உறிஞ்சுகுழாயிலும் ஆழக்கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செவிலியர் பார்த்திருக்க, உங்கள் கையாலேயே ஒருமுறை சளியை உறிஞ்சிக் காட்டுங்கள். இரவில் எடுக்கும் எண் எது என்று கேட்டு, அங்கிருந்தே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.